கரண்ட் இல்லாமல் ஆடிய மடி

ஆவாரம்பாளையத்தில், பழைய லேத் பட்டறை ஒன்றைத் தடுத்து வீடுகளாக்கிய லைன் வீட்டில், நவமணி ஒரு மடி செய்தாள். ஆள் செய்யவில்லை, மடி மட்டும் செய்தாள். நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆம்பளையின் தொடைகளும் முழங்கால்களும் கெண்டைக்கால்களும் பாதங்களும் அப்படியே இருக்கும், இடுப்புக்கு மேலே வெறும் காற்றுதான். அந்த மடி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கரண்ட் போயிருந்த நேரத்தில், தானாக ஆட ஆரம்பித்தது. லைன் வீட்டில் யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. மடி என்று ஒன்று இருந்தால் அது குழந்தையை ஆட்டத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டார்கள்; ஆடாமல் இருந்திருந்தால்தான், இந்தச் சனியன் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

நவமணி கல்லையும் வெண்கலத்தையும் தொடுகிற சிற்பி இல்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் வெயிலென்று பாராமல் அலைந்து, நின்றுபோன கிரைண்டர், கழற்றிப்போட்ட சைக்கிள் செயின், பஸ் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார், உடைந்த குடைக்கம்பி, பனியன் கம்பெனி வேஸ்ட் துணி என்று கண்டதையும் சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள். மனித உடம்பை அச்செடுத்து அதோடு சேர்த்து, எதையாவது ஆட வைப்பாள். நாள் முழுக்க மாவு பிசையும் இரண்டு கைகள், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஜோடிப் பாதம், டேபிள் ஃபேன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்கும் ஒரு கழுத்து. இவற்றைச் சென்னையிலும் கொச்சியிலும் கண்காட்சிகளில் வைப்பார்கள், கண்ணாடி போட்டவர்கள் வந்து மோவாயைத் தடவியபடி பார்ப்பார்கள். லைன் வீட்டில் இதையெல்லாம் மொத்தமாக ‘நவமணியக்கா சாமான்’ என்பார்கள், அந்தக் கழுத்தின் மேல் ஈரத்துண்டு காயப்போடுவார்கள். நவமணியும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. உண்டு என்று சொல்வதா, இருந்தான் என்று சொல்வதா என்பதில்தான் வம்பே. பெயர் குழந்தைவேல், அன்னூருக்கு அந்தப் பக்கம் கருக்கம்புதூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நவமணி ஓவியக் கல்லூரியில் படித்தபோது, அச்செடுக்க உட்கார ஆள் கிடைக்காமல் தவித்தாள். அவன்தான் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்தான். அரை டிராயரோடு நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றவிட்டான். காய்ந்த கட்டைப் பிரித்தபோது கால் முடியெல்லாம் அதோடு பிய்த்துக்கொண்டு வர, பல்லைக் கடித்துக்கொண்டு, “பாத்துப் பிரி அம்மிணி. நாளைக்கு உன்ற புள்ளைக்குக் காது குத்தறப்ப இந்த மடிதான் வேணும்” என்றான். கூடப் படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவனும் கண்ணில் தண்ணீரோடு சிரித்தான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, கல்யாணமாகிப் பிள்ளையும் உண்டாகியிருந்த நாளில், நவமணி தன் உடம்பையே அச்செடுத்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை, வெற்று உடம்பாக. நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில், அண்ணன் கடைக் குப்பையில் கிடந்த ஒரு கிணற்று மோட்டாரை வைத்தாள். தண்ணீர் ஏறி இறங்கும்போது நெஞ்சு மூச்சு விடுவதுபோல விம்மித் தணியும். ஒரு பத்திரிகை அரைப்பக்கத்துக்குப் படம் போட்டுவிட்டது. கருக்கம்புதூரில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவனெல்லாம், “ஏனப்பா, தங்கச்சிக்கும் நீதான் காயில் கட்டுனதா?” என்று கேட்டுவிட்டுப் போனான். குழந்தைவேல் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் ஒரு நாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் கிணற்றுக்குப் போய், செத்தவர்களுக்குத் தலை முழுகுவதுபோல, உயிரோடு இருக்கிற தங்கச்சிக்குத் தலை முழுகிவிட்டு வந்தான். அப்படி முழுகிவிட்டால் அந்த உறவு அத்தோடு சரி, நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. ஊரிலிருந்து போன் போட்டு நவமணிக்கு இதைச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கேட்டபோது அவள் அழவில்லை. நறுமுகை பிறந்து, பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காமல் தொட்டில் ஆடியபோது அழுதாள்.

பிள்ளைக்கு மூன்று முடிந்தது, நான்கும் முடிந்தது, காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன்தான் தலை முழுகிவிட்டானே. புருஷன் சுகுமாரன் மில்லில் எலெக்ட்ரீசியன், எதற்கும் அதிர்ந்து பேசாதவன். “பியூட்டி பார்லர்ல டப்புனு ஒரு அடி அடிச்சா முடிஞ்சுது. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கியே” என்றான். அவளுடைய கலைஞர் சிநேகிதர்களும், வெற்று உடம்பைக் கண்காட்சிக்கு வைக்கிறவளுக்கு மாமன் மடி எதற்கு என்று கேலி செய்தார்கள். அவளிடம் அதற்குத் தத்துவம் எதுவும் இல்லை. அவளுக்கு அண்ணன் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆத்திரத்தில்தான் பரண்மேல் கிடந்த பழைய அச்சைக் கீழே இறக்கினாள். செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, மைதாப் பசை சேர்த்துப் பிசைந்து, அச்சில் அப்பி, அண்ணனுடைய தொடையையும் காலையும் வார்த்து எடுத்தாள். முழங்காலுக்குள் மொபெட்டின் ஷாக் அப்சார்பரும், தொடைக்கு அடியில் வைப்பர் மோட்டாரும் வைத்து, மேலே பனியன் துணி போர்த்தி, நாலு முழ வேட்டி கட்டிவிட்டாள். ஸ்விட்ச் போட்டதும் ஆடியது, நறுமுகையை உட்கார வைத்தாள். “அம்மா, ஜில்லுனு இருக்குது” என்று சொல்லிவிட்டுக் குழந்தை இறங்கிப் போய்விட்டாள். நவமணி பிளக்கைப் பிடுங்கி, மடியை நடைபாதை ஓரம் தள்ளிவிட்டுச் சமைக்கப் போனாள்.

கரண்ட் போன அந்த வெள்ளிக்கிழமை, அடுத்த வீட்டுத் தையல்காரி தமயந்தியின் மகன் லோகித் புழுக்கம் தாங்காமல் நடைபாதைக்கு வந்து அந்த மடியில் ஏறிப் படுத்தான். மடி மெல்ல ஆடியது. முதலில் வலது முழங்கால், அப்புறம் இடது முழங்கால், தூங்க வைக்கிறவர்கள் ஆட்டுகிற அதே கணக்கில் ஆடியது. வீட்டில் இருந்த சுகுமாரன் வந்து பிளக்கைப் பார்த்தான், சுவரில் இல்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “கரண்ட் இல்ல” என்று, மில்லில் தினம் சொல்கிற அதே குரலில் சொன்னான். தமயந்தி தொடையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“சூடா இருக்குதுங்க அண்ணா. ஆளு இருக்கற மாதிரியே இருக்குது” என்றாள். அவள் ஒரே பிள்ளை, அண்ணன் தம்பி கிடையாது. லோகித்துக்கும் காது குத்தாமல்தான் கிடந்தது. அடுத்த முகூர்த்தத்திலேயே மடிக்குப் புது வேட்டி கட்டி, முழங்காலில் சந்தனம் பூசி, தலை இல்லாததால் தலைப்பாகையைத் தொடையில் சுற்றி, பையனை உட்கார வைத்துக் குத்திவிட்டாள்.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? கணபதியிலிருந்து வந்தார்கள், சிங்காநல்லூரிலிருந்து வந்தார்கள், அண்ணன் தம்பி இல்லாத பெண்கள் இத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்படும்படி, பிள்ளையை இடுப்பிலும் ஆப்பிள் பையைக் கையிலுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பிறக்கும்போதே தனியாகப் பிறந்தவள், தம்பியை மஞ்சள் காமாலையில் வாரிக்கொடுத்தவள், அண்ணன் லாரியோடு போய்ச் சேர்ந்துவிட்டவள் என்று யார் பிள்ளை உட்கார்ந்தாலும் மடி சூடாகி ஆடியது. அண்ணன் துபாயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று ஒருத்தி வந்தாள். அவள் பிள்ளைக்கு ஆடவில்லை. துபாயில் இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான், போய் டிக்கெட் எடுத்துக்கொடுத்துக் கூப்பிடு என்று எல்லாரும் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். காதுகுத்துப் பத்திரிகைகளில் ‘தாய்மாமன்: மடி, ஆறாம் நம்பர் லைன் வீடு’ என்று அச்சடித்தார்கள். தாய்மாமன் என்றால் சீர் வைக்க வேண்டுமே, மடி எங்கே போகும்? ஏற்கெனவே அதில் காது குத்திய பெண்கள் ஒன்றுசேர்ந்து, மடி சார்பில் தட்டு எடுத்து வருவது என்று ஏற்பாடாயிற்று. கொச்சி கண்காட்சிக்காரர் ஒருவர் மடியை எடுத்துப்போகக் காரில் வந்தார். அங்கே தொடக்கூடாது என்று போர்டு வைப்பார்களாமே என்று கேள்விப்பட்டு, பெண்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நம்பர் வீட்டு மாணிக்கம், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், உறவுமுறை விஷயத்தில் கறாரானவர். அவர்தான் ஒரு நாள் தண்ணிக் குழாயடியில் வைத்துச் சிக்கலை அவிழ்த்தார். “ஏனம்மா, மடி உங்க எல்லாத்துக்கும் அண்ணன்னா நீங்கள்லாம் அக்கா தங்கச்சி. அப்ப உங்க புள்ளைக எல்லாம் அண்ணன் தங்கச்சி முறை ஆகிப்போகுது. நாளைக்கு அதுகளுக்குள்ள எப்படிப் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்பீங்கோ?”

நியாயமான கேள்விதான். தமயந்திதான் குடத்தை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்: “அதுக்குள்ள அதுக காலேஜுக்குப் போயி, வெளியூர்ல பாத்துக்கும் மாமா. நீங்க குழாயை விடுங்க.”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆடிய மடி நறுமுகைக்கு மட்டும் ஆடவே இல்லை. நவமணி சும்மா இருப்பாளா, காலையில் ஒரு தரம் உட்கார வைத்துப் பார்ப்பாள், பால் குடித்த பிறகு ஒரு தரம் பார்ப்பாள், பட்டுப்பாவாடை கட்டிப் பார்ப்பாள். அண்ணன் தலை முழுகிவிட்ட தங்கச்சி, அண்ணன் இல்லாதவள்தானே? செய்தவளுக்கே பலிக்காது போலிருக்கிறது என்று லைன் வீட்டில் பரிதாபப்பட்டார்கள். குழந்தையோ, அந்த ஜில்லென்ற மடியில் உட்காரச் சொன்னாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தாள். நவமணிக்கு மடியை உடைத்து அடுப்பில் போடலாமா என்று இருந்தது.

அந்தச் சமயத்தில் பீளமேட்டிலிருந்து நித்யா என்ற ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். வங்கியில் வேலை, ஒரே மகள், வீட்டில் வேறு பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் பிள்ளையை உட்கார வைத்தார்கள், மடி ஆடவில்லை. எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், புது வேட்டி மாற்றிப் பார்த்தார்கள், ஜில்லென்றே இருந்தது. மடி கெட்டுப்போய்விட்டது என்று பெண்கள் பேசிக்கொள்ள, நித்யாவின் அம்மா மட்டும் மடியையே பார்த்தபடி நின்றார். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் என்ன கேட்டாரோ, எப்படிக் கேட்டாரோ. உடுமலைப்பேட்டையில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு பிள்ளை அந்த மனிதருக்கு இருப்பது வெளியே வந்தது. அந்த வீட்டில் அப்புறம் எத்தனை பாத்திரம் பறந்தது என்பது நமக்கு வேண்டாம். அக்கா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் இருந்த அந்தப் பையன், கேக்கும் மிக்சருமாக வந்து இறங்கி, மருமகளை மடியில் வைத்துக் காது குத்திவிட்டுப் போனான்.

செய்தி லைன் வீட்டுக்கு வந்த சாயங்காலம், தமயந்தி பிளவுஸுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள்.

“அக்கா, இந்த மடி பொய் சொல்லாது.”

“தெரியுது” என்றாள் நவமணி.

“அப்ப உங்களுக்கு ஏன் ஆட மாட்டேங்குது?”

நவமணிக்கும் அது அதே நேரத்தில்தான் உறைத்தது. கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு நாள் உடைத்துப் போட நினைத்த அந்த ஜில்லென்ற தொடையில் தலையை வைத்து, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள். அது ஆடாமல் இருப்பதைப்போல ஒரு நல்ல சேதி அவளுக்கு வந்து வருஷக்கணக்காயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டெம்போ பிடித்து, மடியைக் கயிறு போட்டுக் கட்டி, சுகுமாரனையும் நறுமுகையையும் கூட்டிக்கொண்டு கருக்கம்புதூருக்குப் போய், காயில் கடைக்கு முன்னால் நேராக இறக்கினாள். குழந்தைவேல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. தலை முழுகியவர்கள் பார்க்கக் கூடாது. ஊர் கூடிவிட்டது, மடியின் கதை அங்கேயும் எட்டியிருந்தது. அண்ணன் தம்பி இல்லாத ஒருத்தி, சொல்லாமலே தன் பிள்ளையைத் தூக்கி வந்து உட்கார வைத்தாள். மடி ஆடியது. அந்தப் பிள்ளையை இறக்கிவிட்டு நறுமுகையை உட்கார வைத்ததும் நின்றுவிட்டது.

“பேட்டரி வெச்சிருக்கும்” என்றான் குழந்தைவேல், கம்பியைப் பார்த்தபடி.

“நீயே பாரு” என்றாள் நவமணி. அவனிடம் அவள் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மோட்டார்க்காரனுக்கு அதற்கு மேல் கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மண்ணில் குந்தி, வேட்டியை விலக்கிக் கழற்றினான். பேட்டரி இல்லை. வைப்பர் மோட்டாரின் ஒயர் எப்போதோ அறுந்து தொங்கியது. திருப்பி மூடும்போதுதான், அது யாருடைய கால் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் முழங்காலை ஒரு தரம் பார்த்தான், அந்த முழங்காலை ஒரு தரம் பார்த்தான்.

“உன்ற மடியில ஊரே உக்காந்து காது குத்திக்கிச்சு. உன்ற தங்கச்சி புள்ள மட்டும்தான் இன்னும் குத்தல” என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்.

ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. “அதெப்படி? தங்கச்சி இருக்கறான்னு இந்தப் பொம்மை சொல்லுது. இவன் தலை முழுகுனதுக்கு நாங்கள்லாம் சாட்சி. கிணத்துல எறங்குனதக் கண்ணால பாத்தோம்” என்றார்.

அப்போது கடைக்குப் பின்னாலிருந்து குழந்தைவேலின் மனைவி ருக்குமணி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சோறு பொங்கிக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“எறங்குனது நெசம்தானுங்க. தலைக்கு வாத்துக்கலீங்க” என்றாள். “நீங்கள்லாம் மேலயே நின்னுக்கிட்டீங்க, உள்ள எட்டிப் பாக்கலீங்க. அவரு கழுத்து வரைக்கும் முங்கிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. வூட்டுக்கு வந்தப்ப தலை காஞ்சு கெடந்துது. துண்டு எடுத்துக் குடுத்தவ நானு, எனக்குத் தெரியாதுங்களா?”

ஊரே குழந்தைவேலைப் பார்த்தது. அவன் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் திருகி முடித்தான். ஸ்க்ரூ தீர்ந்துபோன பிறகும் திருகிக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு எனக்குச் சளி புடிச்சிருந்துச்சு” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, சளி என்றால் ஊற்றிக்கொள்ள முடியாதுதான் என்று முணுமுணுத்தார். குழந்தைவேல் எழுந்து, மடியில் உட்கார்ந்திருந்த நறுமுகையை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். அப்புறம் தங்கச்சியிடம் திரும்பி, ரொம்பக் கோபமாக, “ஒரு மடியச் செஞ்சு வெச்சுக்கிட்டா ஆச்சா? சீர் யாரு வெப்பாங்க? ஆசாரிக்கு யாரு சொல்லுவாங்க? எல்லாம் நீயே பண்ணிப்போடுவியா?” என்றான்.

“நீதான் பண்ணோணும்ணா” என்றாள் நவமணி.

கடையில் விட்டுவந்த மடியை அடுத்த வாரமே லைன் வீட்டுக்காரர்கள் ஆள் விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அதற்கு அங்கே வேலை இருந்தது. வைகாசியில் நல்ல நாள் பார்த்து, குலதெய்வக் கோயில் முன்னால் ஜமக்காளம் விரித்து, குழந்தைவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் வாங்கிக்கொண்டான். கனகசபை ஆசாரி ஒரு காதைக் குத்தித் தோட்டை மாட்டினார். நறுமுகை வீறிட்டாள். கோயில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறக்கும்படி கத்தினாள். குழந்தைவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியை எடுப்பதற்குள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

“போதும். இன்னொன்னு அடுத்த மாசம் வந்து குத்திக்கலாம்.”

“அப்படியெல்லாம் வழக்கம் இல்லீங்களே” என்றார் ஆசாரி, ஊசியைப் பிடித்தபடி.

“மாமன் நானு. நாஞ்சொல்றேன்” என்று சொல்லி, மிச்சமிருந்த தோட்டைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஆட்டுக்குட்டி காட்டுவதற்காக அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நவமணி ஜமக்காளத்தில் தனியாக உட்கார்ந்து, அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒற்றைக் காதில் தோட்டோடு வந்து உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்து, இன்னொன்றைத் தொலைத்துவிட்டாயா என்று டீச்சர் கேட்டார்.

“இல்லீங்க மிஸ்” என்றாள் நறுமுகை. “அது எங்க மாமன் பாக்கெட்டுல இருக்குது.”